வீட்டுக்கு ஒரு கருத்து

ஜூன் 9, திங்கள்

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் வாசல்படியிலேயே நின்று சொன்னார். "ஆவுடை, நம்ம வரிசைய இடிக்கப் போறாங்களாம்."

பல்கலைக்கழகத்துக்கு இருபது வருஷத்துக்கான பெருந்திட்டம் ஒன்று போடுகிறார்கள். சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆசிரியர் குடியிருப்பில் 'சி' வரிசை முழுவதையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆராய்ச்சிக் கட்டடம் கட்டுவார்களாம். நாங்கள் இருப்பது சி-17. முடிவு செய்யும் முன்னால் இங்கே இருக்கிற எல்லாரிடமும் கருத்துக் கேட்கப் போகிறார்கள். அந்த வேலையைச் சென்னையில் ஒரு கம்பெனியிடம் விட்டிருக்கிறார்கள்.

அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "இருபத்தாறு வருசம். எந்த மரம் எங்க நிக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றார். அவர் தாவரவியல் பேராசிரியர். எங்கள் தெருவில் நிற்கும் இலுப்பையும் புங்கையும் அவர் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மிஞ்சிய கூட்டை வழித்துப் போட்டு நானே சாப்பிட்டு முடித்தேன். இன்றைக்கு ஏனோ நல்ல பசி.

மேற்கே காற்று தொடங்கிவிட்டது. இனி ஆவணி வரை ஜன்னல்கள் அடித்துக்கொண்டே கிடக்கும்.

ஜூன் 12, வியாழன்

சமுதாயக்கூடத்தில் கூட்டம். 'குடியிருப்புப் பாதுகாப்புக் குழு' அமைத்து அவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். நானும் மற்றப் பெண்களும் பின்னால் நின்று டீயும் காராச்சேவும் கொடுத்தோம்.

பொருளாதாரத் துறை தாணுமாலயன் சார் ஒருத்தர்தான் ஒத்துப்போகவில்லை. நாகர்கோவில்காரர், சி-9இல் இருக்கிறார். "மழை பெஞ்சா எங்க வீட்டுல வாளி வைக்க எடம் கெடையாது. இத என்னத்துக்கு ஓய் காப்பாத்தணும்? உமக்கு இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டயர்மென்ட். அப்பம் காலி பண்ணத்தானே வேணும்?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "காலி பண்ணிட்டு எங்க போவேன்னு நெனைக்கீரு? பின் கேட்டுக்கு வெளிய ஆசிரியர் நகர்ல மனை பேசி முடிச்சாச்சு. ரிட்டயர் ஆனாலும் இதே காத்து, இதே நடை. நானும் என் வீட்டுக்காரியும் இந்த மண்ண விட்டுப் போறதா இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். மனை வாங்கும் விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கையிலிருந்த தட்டில் டீ கொஞ்சம் சிந்திவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

ஜூன் 13, வெள்ளி

மனை எப்படி என்று கேட்டேன். "வடக்குப் பாத்தது. ஒனக்குப் பிடிக்கும்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் காந்திமதி பேசினாள். அப்பா அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். "எம்மா, அது நான் வளந்த வீடுல்லா. விட்டுராதீங்க" என்றாள். நீ வந்து போன தீபாவளியோடு எட்டு மாதம் ஆகிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். அங்கே கடையிலேயே இட்லி மாவு கிடைக்கிறதாம்.

ஜூன் 18, புதன்

கண்ணாடி மாற்றத் தென்காசிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாள் கூப்பிட்டாள். நானும் அவளும் கல்யாணத்துக்கு முன் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவள் அறிவியல். கல்யாணமாகி இங்கே வீடு கிடைத்ததும் வேலையை விட்டேன். பஸ் நேரத்துக்குக் கிடையாது. அத்தையும் கூட வந்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்து இதே வீட்டில்தான் போனார்கள். எழுதினால் எல்லாம் நாலு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

பேச்சி இப்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறாள். "பத்தாங் கிளாசுக்குக் கணக்கு எடுக்க ஆளு இல்லட்டி. சாயங்காலம் மட்டும் வாயேன்" என்றாள். சாயங்காலம் வந்தால் திரும்பிப் போக பஸ் இருக்காது என்றேன். "மாடில ஒரு ரூமும் அடுக்களையும் காலியாக் கெடக்கு" என்றாள். சும்மா ஏறிப் பார்த்தேன். சின்ன அறைதான். ஜன்னலுக்குக் கீழே பூக்காரி ஒருத்தி யாரோடோ பலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவரிடம் கண்ணாடி மட்டும் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

கருத்துக் கேட்பின் முதல் நாள். சமுதாயக்கூடத்துச் சுவரில் வளாகத்தின் வரைபடத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த பெண் பெயர் நஸ்ரீன். கட்டடக்கலை படித்தவள், சொந்த ஊர் கடையநல்லூர். வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தாள். அதில் பச்சையும் சிவப்புமாக ஒட்டும் வட்டங்கள். மாற்றக் கூடாத இடத்தில் பச்சை, மாற வேண்டிய இடத்தில் சிவப்பு.

அவர் எல்லாப் பச்சையையும் எங்கள் தெருவிலேயே ஒட்டினார். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வரிசை முழுவதும் தோட்டம் போலப் பச்சையாக இருந்தது. சிவப்பு அப்படியே மிஞ்சியது. என் கையில் கொடுத்தார்.

"மேடம், நீங்க ஒண்ணும் ஒட்டலையே" என்றாள் நஸ்ரீன்.

அவர் முந்திக்கொண்டார். "வீட்டுக்கு ஒரு தாள்தானேம்மா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துதான்."

பிறகு யாரோ கூப்பிட, டீ குடிக்கப் போனார். நஸ்ரீன் இன்னொரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் படத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வீடுகள் தீப்பெட்டி அளவுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மாவு பொங்கி வழிந்து கிடந்தது. மேடையைக் கழுவினேன்.

ஜூன் 24, செவ்வாய்

காற்று. கொடியில் போட்ட அவருடைய பனியன் இரண்டைக் காணவில்லை.

ஜூன் 27, வெள்ளி

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வரைபடத்தின் போட்டோ வந்தது. பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு வட்டம். சி-17 மேல்.

அவர் போனை விரித்து விரித்துப் பார்த்தார். "என் வீட்டு மேலயே ஒட்டியிருக்கான் பாரு. வேற யாரு, தாணுமாலயன்தான். செயலாளர் வீட்டு மேலயே செவப்பு ஒட்டினா ஊரே சிரிக்கும்லா."

"யாருன்னு தெரியாமச் சொல்லாதீங்க" என்றேன்.

"ஒனக்கு மனுசங்களத் தெரியாது ஆவுடை."

ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டியிருந்தது. உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

நூலகத்துக்கு முன்னால் மாணவர்கள் பார்க்க இரண்டு பேருக்கும் சண்டை. "ஆம்பளைன்னா நேர்ல சொல்லும். ஒளிஞ்சு ஒளிஞ்சு ஒட்டாதயும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். தாணுமாலயன் சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். சாயங்காலம் தாணுமாலயன் சாரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பால்காரர், கேஸ், தண்ணீர் வருகிற நேரம், எல்லாச் செய்தியும் அதில்தான் வரும்.

ஜூலை 3, வியாழன்

தாணுமாலயன் சார் மனைவி ரத்னா, போன வாரம் நான் அதிரசம் வைத்துக் கொடுத்த டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். எப்போதும் ஏதாவது போட்டுத்தான் தருவார். இன்றைக்கு வெறும் டப்பா. "உள்ள வாங்க" என்றேன். "இல்லக்கா, அவுங்களுக்குப் பிரஷர் கூடியிருக்கு. தூக்கமே இல்ல. அவுங்க அத ஒட்டவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

எழுதிவிடுகிறேன். சிவப்பு வட்டத்தை ஒட்டியது நான். விரலால் நன்றாக அழுத்தித்தான் ஒட்டினேன்.

ஏன் ஒட்டினேன் என்று இன்றைக்கு எழுத முடியவில்லை.

ஜூலை 5, சனி

பன்னிரண்டாம் தேதி பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். பதிவாளர் வருகிறார். பெண்கள் சார்பில் நான் பேச வேண்டுமாம். பேச்சை என் வீட்டுக்காரரே எழுதிக் கொண்டுவந்தார். "இது வெறும் வீடல்ல, எங்கள் கூடு" என்று தொடங்குகிறது. அடுக்களையில் நின்று வாசித்துக் காட்டினேன்.

"கூடுங்கிற எடத்துல கொஞ்சம் நிறுத்து" என்றார். இன்னொரு தரம் வாசித்தேன். "நல்லாப் பேசுத. பழைய டீச்சர்லா" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று. வட்டத்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். ஜன்னல் படாரென்று அடித்தது, கொக்கி மாட்டப் போனார்.

ஜூலை 9, புதன்

சி-15 ஜெபக்கனி வந்தாள். நூலகத்தில் வேலை. கணவர் இல்லை. மகன் எபிக்கு இருபத்து நாலு வயது, உடம்புதான் வளர்ந்திருக்கிறது. காலையில் கிளம்பினால் வளாகம் முழுவதும் சுற்றுவான். பசித்தால் கேன்டீனில் போய் உட்காருவான். பொழுது சாய்ந்தால் யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து விடுவார்கள்.

"நீங்க பேசப் போறீங்கன்னு சொன்னாங்கக்கா. எபியப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு மைக்கப் பாத்தா அழுக வந்துரும். டவுன்ல வீடு எடுத்தா இவன எங்கன்னு விடுவேன்? கதவப் பூட்டி வச்சிட்டா வேலைக்கு வர?"

சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போன பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. துணி மடித்தேன், மறுபடியும் பிரித்து மடித்தேன். எனக்கு மூச்சு முட்டுகிற இதே தெருவில்தான் அவளுக்கு மூச்சு விட முடிகிறது. வட்டம் ஒட்டும்போது அவள் வீட்டை நான் பார்க்கவில்லை. என் வீட்டை மட்டும்தான் பார்த்தேன்.

ஜூலை 11, வெள்ளி

நாளைக்கு எந்தச் சேலை என்று அவர் கேட்டார். பச்சை கட்டு என்றார்.

ஜூலை 12, சனி

கலையரங்கம் நிறைந்துவிட்டது. மேடையில் பதிவாளர், கம்பெனி ஆட்கள், நஸ்ரீன். தாணுமாலயன் சார் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருந்தன.

செயலாளராக என் வீட்டுக்காரர் முதலில் பேசினார். மரங்களைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தது. நடிப்பில்லை. பிறகு மைக்கில், "அடுத்து தாவரவியல் சார் மிசஸ்" என்று கூப்பிட்டார்கள்.

மேடை ஏறினேன். தாளைப் பிரித்தேன். நஸ்ரீன் மைக்கைச் சரிசெய்தபடி, "மேடம், மினிட்ஸ்ல எழுதணும், உங்க பேரு?" என்று கேட்டாள்.

"ஆவுடைநாயகி" என்றேன். அரங்கத்தில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. தாளை மடித்துவிட்டேன்.

எபியைப் பற்றி முதலில் சொன்னேன். அவன் நடக்கிற வழி, அவனுக்கு டீ கொடுக்கிறவர்கள், அவனைக் கூட்டிவருகிற செக்யூரிட்டி, எல்லாம். "அந்தப் பிள்ள இருக்கிற வரைக்கும் ஜெபக்கனி வீட்ட நீங்க தொடக் கூடாது" என்றேன். பலமாகக் கைதட்டினார்கள். அவர் முன்வரிசையில் தலையை ஆட்டினார். அதோடு இறங்கியிருக்கலாம். மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்தேன்.

"இன்னொண்ணு சொல்லணும். சி-17 மேல செவப்பு ஒட்டினது நான்தான். தாணுமாலயன் சார் இல்ல."

நான் முன்வரிசையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துத்தான் பேசினேன்.

பதிவாளர் குனிந்து மைக்கில் கேட்டார். "அம்மா, அப்ப உங்க வீட்ட இடிக்கணும்னு சொல்றீங்களா?"

"இடிக்கணும்னு சொல்லல சார். இருக்கணும்ங்கவங்க இருக்கட்டும். எனக்கு அங்க இருக்க முடியல. இங்க யாரும் எனக்குக் கெடுதல் பண்ணல. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஆறு மணிக்கு மேல ஒரு மனுசச் சத்தம் கெடையாது. நான் எங்க போறேன், எப்ப வாறேன், கேட்டுல எழுதிக்கிடுதாங்க. கல்யாணத்துக்கு முந்தி நாலு வருசம் கணக்கு டீச்சரா இருந்தேன். அது இங்க யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஒரு தாள் குடுத்தீங்க. எங்க வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துன்னு மட்டும் எழுதிராதீங்க. அவ்வளவுதான்."

இறங்கும்போது யாரும் கைதட்டவில்லை. ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

வீடு வரை தனியாக நடந்தேன். எதிர்க்காற்று. கண்ணில் மண் விழுந்தது.

ஜூலை 13, ஞாயிறு

அவர் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

கேன்டீன். காந்திமதி போன் செய்தாள். நான் ஹலோ என்றதும், "அப்பா அழுதாங்கம்மா" என்றாள். பிறகு, "நீங்க அழுதீங்களா?" என்று கேட்டாள். அவள் சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

ஜூலை 16, புதன்

இன்றைக்கு வீட்டில் சாப்பிட்டார். மோரை ஊற்றிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்பத்துலருந்து?"

"என்னது?"

"வீடு வேண்டாம்னு."

யோசித்தேன். "அத்தை போன பொறகுன்னு நெனைக்கேன். இல்ல, அதுக்கும் முந்தியே."

"எங்கிட்டச் சொல்லலையே நீ."

"மனை பேசினத நீங்களும் சொல்லல."

கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். "என்னையவும் வேண்டாமா?"

"வீட்டத்தான் சொன்னேன்" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த நேரத்தை அவர் கவனித்தார்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பிறகு ரத்னா போனில் சொன்னார். சி-9 வாசலில் போய் நின்று, "தப்பாப் பேசிட்டேன் ஓய், மன்னிச்சுக்கிடும்" என்றாராம். தாணுமாலயன் சார் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்திருக்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்

தெருவில் என்னோடு எல்லாரும் பேசுகிறார்கள், மரியாதையாக. நின்று பேசுகிறவர்கள் இல்லை. ஜெபக்கனி மட்டும் மீன் குழம்பு கொண்டுவந்தாள். நாங்கள் சைவம் என்பது அவளுக்கு இந்த வருஷங்களில் ஒரு நாளும் மறந்ததில்லை. இன்றைக்கு மறந்துவிட்டிருக்கிறாள். அடுக்களை வரை வந்த பிறகுதான் நினைவு வந்து, நானும் அவளும் சிரித்து மாளவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திருத்திய திட்டம் வந்துவிட்டது. 'சி' வரிசை இருக்கும். கூரையை மட்டும் மாற்றுவார்கள். ஆராய்ச்சிக் கட்டடம் மேற்கே தரிசில் வரும். தெருவில் வெடி போட்டார்கள். அவருக்கு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றி ஜெபக்கனி மகன் கழுத்தில் போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார்.

நஸ்ரீன் போன் செய்தாள். அறிக்கையில் என் பேச்சைச் சேர்த்திருக்கிறாளாம். "இனிமே எந்த கேம்பஸ் போனாலும் ஆளுக்கு ஒரு தாள்தான் மேடம். ஆபீஸ்ல சொல்லிட்டேன்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நல்லது நடக்கட்டும்.

எல்லாருக்கும் வீடு நின்றுவிட்டது. எனக்கும் நின்றுவிட்டது. காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து கூடம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். தென்காசியில் பேச்சியின் டியூஷனில் கணக்கு எடுக்கப் போகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை மாடி அறையில் தங்குவேன். சனி, ஞாயிறு இங்கே வருவேன்.

"ஊருல என்ன பேசுவாங்க?" என்றார்.

"பேசத்தான் செய்வாங்க."

பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?" என்றார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து யோசிச்சு வைக்கல. எனக்கு மட்டுந்தான் யோசிச்சேன்" என்றேன். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாடி அறை. ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், பாய். பதினோரு பிள்ளைகள். சாக்பீஸைப் பிடித்து முதல் கணக்கைப் போட்டேன். பின்பெஞ்சில் ஒருத்தி, "மிஸ், மறுபடி போடுங்க, புரியல" என்றாள். மறுபடி போட்டேன். அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

கீழே தெருவில் ஓயாத சத்தம். தூக்கம் வரவில்லை. அவர் கேஸை அணைத்தாரா என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். இங்கேயும் மனசு ஓர் இடத்தில் நிற்கிறதில்லை. ஆனால் இது வேறு மாதிரி.

ஆகஸ்ட் 28, வியாழன்

வகுப்பு முடிந்து மேலே வந்து உலை வைத்தேன். மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். பாதியில் நின்றது. பிறகு மெதுவாக ஏறியது.

அவர். கையில் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தார். கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். அறையைப் பார்த்தார், ஸ்டவ்வைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. எல்லாம் அவர் வீடாகவே இருந்தது. இது என் வீடு என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கே உறைத்தது.

யோசித்தேன். அவரும் அவசரப்படுத்தாமல் நின்றார்.

"வாங்க" என்றேன். பிறகு அரிசிப் பானையைத் திறந்து இன்னும் ஓர் ஆழாக்கு எடுத்தேன்.